மதிப்பெண்ணோடு கணக்கையும் காட்டுங்கள்

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளுக்கான மதிப்பெண் விதித்தொகுப்பு ஒவ்வோர் ஒலிம்பிக் முடிந்த பிறகும் திருத்தி எழுதப்படுகிறது. 2025-இல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொகுப்பு 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் வரை செல்லும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியன் நான். விதி மாறும்போதெல்லாம் பெற்றோரும் சக ஆசிரியர்களும் என்னிடம் கேட்பது, இப்போது எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைத்தான். அதற்கு விடை சொல்லிவிடலாம். என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் கேள்வி வேறு. நடுவர் கொடுத்த மதிப்பெண் எந்த வழியில் வந்தது என்பதை, அதைப் பெற்ற பிள்ளைக்கும் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கும் ஏன் இன்றுவரை முழுமையாகக் காட்டுவதில்லை? கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த முறையில் நடந்த மாற்றங்களைப் பார்த்தால், பெரிய தகராறுகள் பலவும் இந்தக் குறையில் வந்துதான் முடிகின்றன.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கோமனேச்சி உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகளில் ஆடும் அன்ஈவன் பார்ஸில் 10 வாங்கியது உலகம் அறிந்த செய்தி. அப்போது அவருக்கு வயது 14. மதிப்பெண் பலகையில் 10.00 என்று காட்டுவதற்கு இடம் இல்லாததால் 1.00 என்று வந்ததும், அது என்ன என்று புரியாமல் அரங்கம் ஒரு கணம் திகைத்ததும் இன்றும் பேசப்படுகின்றன. அந்த ஒலிம்பிக்கில் மட்டும் அவர் ஏழு முறை 10 பெற்றார். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்குக் கூட 10 என்றால் குறையே இல்லை என்று புரிந்தது. இன்று 14.266 என்று பலகையில் வரும்போது அது நல்லதா கெட்டதா என்று வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. பழைய முறையை நினைத்து ஏங்குகிறவர்களின் ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் அந்த 10 சொன்னதைவிட மறைத்தது அதிகம். ஒவ்வொரு பயிற்சிக்கும் அதில் உள்ள கடின அசைவுகளைப் பொறுத்து ஒரு தொடக்க மதிப்பு இருந்தது; எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் அது 10 வரை போகும். செய்த விதத்தில் உள்ள குறைகளை அதிலிருந்து கழிப்பார்கள். தொடக்க மதிப்புக்கு 10 என்ற கூரை இருந்ததால், அந்தக் கூரையை எட்டிய பிறகு எவ்வளவு அரிய அசைவைச் சேர்த்தாலும் மதிப்பெண்ணில் அதற்கு இடமில்லை. தாராளமான நடுவர்களும் கண்டிப்பான நடுவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்க, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் 9.8, 9.85 என்று முடிவு வெளிவந்தது. 1992 பார்சிலோனாவில் லூ லி அன்ஈவன் பார்ஸிலும் லவினியா மிலோசோவிச்சி ஃப்ளோர் என்ற தரைப் பயிற்சியிலும் 10 வாங்கியதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் அந்த எண் வரவே இல்லை. விதிகள் இறுகிக்கொண்டே போயின. முறை மட்டும் அப்படியே இருந்தது.

அந்த முறை உடைந்தது 2004 ஏதென்ஸில். எல்லா உபகரணங்களின் மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்க்கும் ஆடவர் ஒட்டுமொத்தப் பிரிவில் அமெரிக்காவின் பால் ஹாம் 57.823 எடுத்துத் தங்கமும், தென் கொரியாவின் கிம் டே-உன் 57.811 எடுத்து வெள்ளியும், அவருடைய நாட்டவரான யாங் டே-யங் 57.774 எடுத்து வெண்கலமும் பெற்றார்கள். இணையான இரு கம்பிகளில் ஆடும் பேரலல் பார்ஸில் யாங்கின் பயிற்சிக்குத் தொடக்க மதிப்பு 10 என்று இருந்திருக்க வேண்டும்; நடுவர்கள் ஓர் அசைவைத் தவறாக அடையாளம் கண்டு 9.9 என்று எழுதிவிட்டார்கள். தங்கத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 0.049. விடுபட்ட 0.1 சேர்ந்திருந்தால் தங்கம் அவருடையது. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு தவறை ஒப்புக்கொண்டு மூன்று நடுவர்களை இடைநீக்கம் செய்தது, பதக்கத்தை மாற்றவில்லை. லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றமும் அதே ஆண்டு அக்டோபரில் யாங்கின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆட்சேபம் போட்டி நடக்கும்போதே எழுப்பப்பட்டிருக்க வேண்டும் என்பது முதன்மையான காரணம். இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படும் இன்னொரு விவரம் உண்டு. பிறகு காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள், யாங் தம் பயிற்சியில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஒரு முறை கம்பியில் தொங்கி நின்றார் என்றும், அதற்கு நடுவர்கள் கழிக்க வேண்டியதைக் கழிக்கவில்லை என்றும் காட்டினார்கள். இரு பக்கமும் தவறு. இரண்டுமே அந்த நிமிடத்தில் யார் கண்ணிலும் படாமல் 9 புள்ளி சொச்சம் என்ற ஒரே எண்ணுக்குள் புதைந்துபோயின.

அதே ஏதென்ஸில், சில நாட்கள் கழித்து, உயரமான ஒற்றைக் கம்பியில் ஆடும் ஹை பார் இறுதிச் சுற்றில் ரஷ்யாவின் அலெக்சி நெமோவ் கம்பியை விட்டுப் பறந்து மீண்டும் பிடிக்கும் அசைவுகளை மொத்தம் ஆறு முறை செய்து காட்டிய பிறகு 9.725 என்று பலகையில் வந்தது. அரங்கம் கூச்சலிட்டது. அடுத்தவர் ஆடவே முடியவில்லை. நடுவர்கள் அதை 9.762 ஆக உயர்த்தினார்கள். கூச்சல் மேலும் பெருகியது. கடைசியில் நெமோவே மேடைக்கு வந்து கைகளைத் தாழ்த்தி ரசிகர்களை அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. அவர் ஐந்தாம் இடம் பெற்றார். கூட்டத்தின் சத்தம் கேட்டு மதிப்பெண் உயரும் என்றால், அதன் பிறகு எந்த மதிப்பெண்ணை நம்புவது?

2006-இல் புதிய முறை வந்தது. மதிப்பெண் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. என்ன செய்தாய் என்பதற்கு ஒன்று. எப்படிச் செய்தாய் என்பதற்கு ஒன்று. முதலாவது, இன்று டி என்று சொல்லப்படும் கடினத்துக்கான மதிப்பெண்; அதற்கு மேல்வரம்பு கிடையாது. இரண்டாவது, இ என்று சொல்லப்படும் செய்நேர்த்திக்கான மதிப்பெண். அது 10-இல் தொடங்கி, குறைகள் கழிக்கப்பட்டு இறங்கும். இரண்டையும் கூட்டி, கோட்டுக்கு வெளியே கால் வைத்தது போன்றவற்றுக்கான தண்டத்தைக் கழித்தால் கிடைப்பதே இறுதி எண். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் ஷீட் விற்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது: கடையில் எடை தனியாகப் போடப்படும், ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் தனியாகச் சொல்லப்படும், நனைந்திருந்தால் அதற்கான கழிவும் தனி, இவற்றைச் சொல்லாமல் மொத்தப் பணத்தை மட்டும் கையில் வைத்தால் குலசேகரத்தில் எந்த விவசாயியும் வாங்கிக்கொண்டு போக மாட்டார்.

பெண்களுக்கான ஃப்ளோர் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எழுத்து உண்டு. ஏ என்றால் 0.1, பி என்றால் 0.2, சி என்றால் 0.3 என்று ஏறிக்கொண்டே போகும். மிகக் கடினமான எட்டு அசைவுகளின் மதிப்பு கூட்டப்படும். இதற்கு மேல், பயிற்சியில் இருந்தே ஆக வேண்டிய நான்கு நிபந்தனைகளுக்குத் தலா 0.5 வீதம் 2.0 வரை கிடைக்கும். கடினமான அசைவுகளை இடைவெளியின்றி இணைத்தால் அதற்கும் கூடுதல் மதிப்பு உண்டு. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி நான்கு ஏ, மூன்று பி, ஒரு சி செய்தால் 1.3, எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் 3.3. செய்நேர்த்தியில் 8.1 வந்தால் மொத்தம் 11.4. ஒரு கால் கோட்டைத் தாண்டினால் 0.1 போய் 11.3.

கழிவுகளும் இதே போலத் தெளிவானவை. சிறு குறைக்கு 0.1, நடுத்தரக் குறைக்கு 0.3, பெரிய குறைக்கு 0.5, விழுந்தால் 1.0. பழைய முறையில் விழுவதற்கு அரை மதிப்பெண்தான் போகும். இன்று ஒரு முறை விழுந்தால், ஐந்து பெரிய பி அசைவுகளைக் கற்றுக்கொண்ட உழைப்பு முழுவதும் போய்விடுகிறது. பலர் இதைக் கொடுமை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தயாராகாத அசைவைப் போட்டியில் செய்து பார்க்கும் ஆசையை இதைவிட வலுவாகத் தடுக்கும் விதி வேறு இல்லை. மெத்தைகள் குறைவாகவும் அடிபடாமல் விழுந்து பழகுவதற்கான நுரைக்குழி என்பதே இல்லாமலும் பயிற்சி கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஒரு மதிப்பெண் பெரிய துணை.

விதித்தொகுப்பு வெறும் அளவுகோல் அல்ல என்பதும், பிள்ளைகள் எதைக் கற்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் விலைப்பட்டியலாகவே அது வேலை செய்கிறது என்பதும் இந்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்தது 2016-இல். திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர், ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. ரியோவில், ஓடிவந்து மேசையில் கைகளை ஊன்றித் தாண்டும் வால்ட் இறுதிச் சுற்றில் அவர் இரண்டு வால்ட் செய்தார். முதலாவதில் 14.866. இரண்டாவது புரோடுனோவா, கைகளை ஊன்றி எழும்பி, முன்பக்கமாகக் காற்றில் இரண்டு முழுக் குட்டிக்கரணம் அடித்துக் காலில் இறங்கும் வால்ட். அதற்கு அன்றைய கடின மதிப்பு 7.0, அவருடைய செய்நேர்த்தி 8.266, மொத்தம் 15.266. இரண்டின் சராசரி 15.066. வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபர் எடுத்தது 15.216. பதக்கம் 0.150 புள்ளியில் கைநழுவியது. அந்த இரவு நாகர்கோவிலிலும் தக்கலையிலும் விழித்திருந்து பார்த்தவர்கள் பலர். மறுநாள் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு வந்த பிள்ளைகள் எங்களிடம் கேட்டதெல்லாம் அந்த வால்ட்டைப் பற்றித்தான்.

தீபா ஏன் புரோடுனோவாவைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குக் காரணம் அந்த 7.0. வேறு எந்த வால்ட்டுக்கும் அத்தனை மதிப்பு இல்லை. வெளிநாட்டு வீராங்கனைகளைப் போலச் செய்நேர்த்தியில் 9-ஐத் தாண்ட முடியாத நிலையில் இருக்கும் ஒருவருக்கு, கடினத்தில் கிடைக்கும் கூடுதல் மதிப்பு இறுதிச் சுற்றின் கதவைத் திறந்தது. தரையிறங்கும்போது இடுப்பு மெத்தையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்தாலும் கால்கள் முதலில் பட்டிருந்தால் வால்ட் கணக்கில் சேரும்; கால் முதலில் படாவிட்டால் சுழியம். அந்த வரம்புக்கு மிக அருகில் உயிரைப் பணயம் வைத்து ஆடுகிற வால்ட் அது. மரண வால்ட் என்று அதற்குப் பெயர் வந்ததும் அதனால்தான். 2017-இல் வந்த தொகுப்பில் எல்லாப் பெரிய வால்ட்களின் மதிப்பும் குறைக்கப்பட்டது. அமனார் என்ற இன்னொரு கடினமான வால்ட் 6.3-இலிருந்து 5.8-க்கு இறங்கியது. புரோடுனோவா 7.0-இலிருந்து 6.4-க்கு இறங்கியது, மற்றவற்றைவிட அதற்குத்தான் அடி கொஞ்சம் பலம்.

இது இந்தியாவுக்கு எதிரான சதி என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. சோவியத் வீராங்கனை எலேனா முகினா 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு, ஃப்ளோரில் தாமஸ் சால்டோ என்ற அசைவைப் பயிற்சி செய்யும்போது கழுத்து முறிந்து, வாழ்நாள் முழுதும் கைகால் செயலிழந்து வாழ்ந்தார். அந்த அசைவைப் பிறகு விதி தடை செய்தது. ஓர் அசைவுக்கு எவ்வளவு விலை வைக்கிறோமோ அவ்வளவு பிள்ளைகள் அதை நோக்கி ஓடுவார்கள். அனந்தனார் சானல் பாலத்திலிருந்து பையன்கள் குட்டிக்கரணம் அடித்துக் குதிப்பதை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை; பாராட்ட ஒருவர் நின்றால் போதும், அடுத்த பையன் கைப்பிடிச் சுவரில் ஏறிவிடுவான். புரோடுனோவாவின் விலையைக் குறைத்தது சரியான முடிவு. தீபாவின் துணிவை அது ஒரு துளியும் குறைக்கவில்லை. அவர் 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசிய வால்ட் தங்கத்தை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

ஆக, பிரித்து எண்ணும் முறை சரி. ஆபத்தானவற்றின் விலையை இறக்குவதும் சரி. எங்கே தடுக்கிறது என்றால், பிரித்து எண்ணிய பிறகும் அந்தக் கணக்கு நடுவர் மேசையிலேயே தங்கிவிடுவதில்தான்.

2024 ஆகஸ்டு 5 அன்று பாரிஸில் பெண்கள் ஃப்ளோர் இறுதிச் சுற்று. ருமேனியாவின் அனா பார்போசு 13.700. அதே நாட்டின் சப்ரினா மனேகா-வொய்னேயாவும் 13.700, செய்நேர்த்தியில் பார்போசு முந்தியதால் அவருக்கு மூன்றாம் இடம். கடைசியாக ஆடிய அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸ் 13.666 பெற்று ஐந்தாவது இடத்தில் இருந்தார். அவருடைய பயிற்சியாளர், ஒரு துள்ளல் அசைவுக்கு உரிய முழு மதிப்பு தரப்படவில்லை என்று மேல்முறையீடு செய்தார். நடுவர்கள் ஏற்று 0.1 கூட்டினார்கள், 13.766, வெண்கலம் சைல்ஸுக்குப் போனது. கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு மகிழ்ந்து நின்ற பார்போசு பலகையைப் பார்த்து அழுதுகொண்டே வெளியேறினார். ஐந்து நாட்கள் கழித்து விளையாட்டு நடுவர் மன்றம், மேல்முறையீட்டுக்கு ஒரு நிமிடம்தான் அவகாசம், அமெரிக்கத் தரப்பு நான்கு வினாடி தாமதம் என்று கூறி அந்த 0.1-ஐத் திரும்ப எடுத்தது. வெண்கலம் பார்போசுவுக்கு வந்தது. மனேகா-வொய்னேயாவுக்கோ, கால் கோட்டுக்கு வெளியே போனதாக 0.1 கழிக்கப்பட்டிருந்தது, போகவே இல்லை என்று ருமேனியத் தரப்பு வாதிட்டது, அந்தக் கழிவு இல்லாவிட்டால் அவருக்கு 13.800, மூவரில் அவரே முதல். வழக்கு அதன் பின்னும் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

மூன்று இளம்பெண்கள், ஒரு பதக்கம், பல மாத வழக்கு. 2004-இல் நடந்ததையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தகராறு வந்தது அழகு, நளினம், பாணி என்று ஆளுக்கொரு கருத்து இருக்கக்கூடிய பகுதியில் இல்லை. இந்த அசைவு நடந்ததா இல்லையா, கால் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று எண்ணிச் சொல்லிவிடக்கூடிய பகுதியில்தான். எந்த எட்டு அசைவுகள் கணக்கில் வந்தன, எது நிராகரிக்கப்பட்டது என்று மதிப்பெண்ணோடு சேர்த்துப் பலகையில் காட்டியிருந்தால், சைல்ஸின் பயிற்சியாளர் எதை எதிர்த்து முறையிட வேண்டும் என்பது முதல் வினாடியிலேயே தெரிந்திருக்கும். யாங்கின் அணி அன்றே, அப்போதே கேட்டிருக்கும். ஒரு நிமிட அவகாசம் என்பது, கணக்கைக் காட்டுகிற இடத்தில் போதுமானது; கூட்டுத்தொகைகளை மட்டும் காட்டுகிற இடத்தில் அநியாயம்.

கணக்கு இல்லாமல் இல்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் வருத்துவது. ஜிம்னாஸ்டிக்ஸ் நடுவர்கள் குறியீடுகளால் எழுதுகிறவர்கள். வீராங்கனையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், கை மட்டும் தாளில் ஓட, ஒவ்வோர் அசைவுக்கும் வளைகோடும் சாய்கோடுமாக ஒரு குறி போட்டுக்கொண்டே போவார்கள். அதன் கீழே கழிவுகளை எழுதுவார்கள். ஒன்றரை நிமிடப் பயிற்சி முடியும்போது அந்தத் தாளில் முழுப் பயிற்சியும் வரிசையாக இருக்கும். செய்நேர்த்தி நடுவர்களின் எண்களில் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் நீக்கப்பட்டு மற்றவற்றின் சராசரி எடுக்கப்படுவதால், எந்த நடுவர் எங்கே விலகினார் என்பதும் பதிவாகிறது. எல்லாம் இருக்கிறது, வெளியே வருவது டி, இ, தண்டம், மொத்தம் என்ற சில எண்கள் மட்டும். செய்நேர்த்தி மதிப்பெண்ணை எதிர்த்து முறையிடவே விதியில் இடமில்லை. இடம் வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். ஏன் குறைந்தது என்று தெரிந்துகொள்ளவாவது வழி வேண்டும்.

ஃபுஜிட்சு நிறுவனத்தோடு சேர்ந்து சர்வதேசக் கூட்டமைப்பு உருவாக்கிய கணினி உதவி முறை 2019 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் சில உபகரணங்களில் பயன்பாட்டுக்கு வந்து, 2023 ஆண்ட்வெர்ப்பில் பத்து உபகரணங்களிலும் பயன்பட்டது. உடலின் ஒவ்வொரு மூட்டும் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதை அது முப்பரிமாணத்தில் அளக்கிறது. அன்ஈவன் பார்ஸில், கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் ஹேண்ட்ஸ்டாண்ட் செங்குத்திலிருந்து 10 டிகிரிக்குள் இருந்தால் கழிவில்லை, தாண்டினால் 0.1, 30-ஐத் தாண்டினால் 0.3 என்பன போன்ற விதிகளை மனிதக் கண்ணால் நூறு முறையும் ஒரே மாதிரி பார்த்துவிட முடியாது. இயந்திரம் வருவதை நான் வரவேற்கிறேன். நடனத்தின் ஓட்டத்தையும் இசையோடு இசைவதையும் அது அளக்காது, அளக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கோணப் படங்கள் நடுவர்களின் திரையோடு நின்றுவிட்டால், பழைய இருட்டுக்கு விலையுயர்ந்த ஒரு கருவி சேர்ந்தது என்பதைத் தவிர வேறென்ன பயன்?

எங்கள் ஊர்ப் போட்டிகளுக்கு வருகிறேன். சர்வதேச விதியை நாங்கள் அப்படியே வைத்துக்கொள்வதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்பச் சுருக்கியதையே பயன்படுத்துகிறோம். கடந்த ஆண்டு மாவட்டத்துக்குள் நடந்த ஒரு போட்டியில், கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஃப்ளோரில் எங்கும் தடுமாறாமல் ஆடி முடித்தாள். அடுத்து ஆடியவள் கடைசிச் சுழற்சியில் கையை ஊன்றிவிட்டாள். மதிப்பெண் வந்தபோது கையை ஊன்றியவள் மேலே இருந்தாள். கடலிலிருந்து வந்த கையோடு நேரே திடலுக்கு வந்திருந்த முதல் பிள்ளையின் தகப்பனார் என்னிடம் வந்தார்.

“சாரே, எம்பிள்ள எங்கயும் விழல்லியே. அந்தப் பிள்ள கைய ஊனிச்சு. பின்ன எப்பிடி இவளுக்கு கொறஞ்சு?”

அவர் குரலில் கோபத்தைவிட, தமக்குத் தெரியாத ஒரு விதியால் பிள்ளை ஏமாற்றப்பட்டாளோ என்ற பயமே அதிகமாக இருந்தது. நல்லவேளையாக, அந்தப் போட்டியின் தலைமை நடுவர் தம் தாளை என்னிடம் காட்ட இசைந்தார். பிள்ளையையும் கூப்பிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து, மூன்று பேருமாகப் பார்த்தோம். துள்ளல் அசைவில் கால்கள் 180 டிகிரிக்கு விரிய வேண்டும். அவளுடையது மிகவும் குறைந்ததால் நடுவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த அசைவின் மதிப்பு போனதோடு, அதைச் சார்ந்திருந்த கட்டாய நிபந்தனைக்கான 0.5-உம் போயிருந்தது. மூலைக்கு ஓடி வந்து நின்ற இடத்தில் ஒரு குதிகால் கோட்டுக்கு வெளியே, 0.1. முழங்கால் மடங்கியதற்கு இரண்டு இடத்தில் 0.1. மற்றவள் கையை ஊன்றியதற்கு 1.0 முழுதாகக் கழிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவளுடைய அசைவுகள் கடினமானவை, நிபந்தனைகள் நான்கும் நிறைவேறியிருந்தன.

பிள்ளை தாளைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “துள்ளல் எனக்கு தெரியும் சார், கால் விரியல்ல. வரய மிதிச்சது தெரியவே தெரியாது.”

“மக்ளே, அடுத்த தடவ மூலைல ஒரு எட்டு கொறச்சு ஓடு” என்றேன். தகப்பனார், “அப்போ சரிதான்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவருக்குத் தேவைப்படவில்லை. தோற்றதில் அவருக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் போயிருந்தது.

எங்கள் மாவட்டத்தில் அடிமுறை என்னும் தற்காப்புக் கலை பயிலும் பிள்ளைகள் பலர் ஜிம்னாஸ்டிக்ஸுக்கும் வருகிறார்கள். களரியில் ஒற்றைச் சுவடு தவறினால் ஆசான் தவறிய காலையே கம்பால் தொட்டுக் காட்டுவார். எங்கே பிழை என்று தெரிந்தே வளர்ந்த பிள்ளைகள், மேடையில் ஓர் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கும்போது குழம்பி நிற்கிறார்கள். போன முறை 11.2, இந்த முறை 10.7 என்றால் எதைத் திருத்துவது? கடினம் குறைந்ததா, முழங்கால் மடங்கியதா, நடுவர் மாறினாரா? பதில் தெரியாத பிள்ளை எல்லாவற்றையும் மாற்றப் பார்க்கிறது, அல்லது விட்டுவிடுகிறது. நன்றாக வரவேண்டிய பிள்ளைகள் இப்படி விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

புதிய தொகுப்பில் ஆடவருக்கு வந்திருக்கும் முக்கியமான மாற்றம் இந்த வேலையை எளிதாக்கும். இதுவரை ஆடவர் பயிற்சியில் பத்து அசைவுகள் எண்ணப்பட்டன, இப்போது எட்டு. பெண்களுக்கு 2009-இலேயே பத்திலிருந்து எட்டுக்குக் குறைத்துவிட்டார்கள். எண்ண வேண்டியது குறைந்தால் பயிற்சி சுருங்கும். களைப்பில் கடைசி அசைவில் கால் பிசகுவது குறையும். இரண்டு பலவீனமான அசைவுகளைச் சேர்த்து நிரப்ப வேண்டிய தேவையும் இல்லை. பேரலல் பார்ஸ் ஒன்றை நாலைந்து பள்ளிகள் முறைவைத்துப் பயன்படுத்தும் எங்கள் ஊரில், பத்து அசைவைச் சுமாராகச் செய்வதைவிட எட்டைத் திருத்தமாகச் செய்யக் கற்பிப்பது நடக்கக்கூடிய காரியம். எட்டு வரிகள் ஒரு சிறு சீட்டில் அடங்கும் என்பதையும் போட்டி நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தச் சீட்டுக்கான படிவம் ஒன்றை நான் தயார் செய்து வைத்திருக்கிறேன். அசைவின் பெயர், ஏற்கப்பட்டதா இல்லையா, மதிப்பு, அந்த அசைவில் கழிந்தது என்று நான்கு பத்திகள். கீழே நிபந்தனைகளுக்கு ஒரு வரியும் கோட்டைத் தாண்டியதற்கான தண்டத்துக்கு ஒரு வரியும். நடுவருக்கு இது கூடுதல் சுமை என்று சிலர் சொல்கிறார்கள். அவர் ஏற்கெனவே எழுதியதைப் பெயர்த்து எழுதுவதற்கு ஓர் உதவியாளர் பக்கத்தில் இருந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் நடுவர் தாளைப் போட்டி முடிந்ததும் செல்பேசியில் படம் எடுத்து அந்தந்தப் பள்ளி ஆசிரியருக்கு அனுப்பிவிடலாம். நடுவரின் குறியீடுகளைப் படிக்கத் தெரியாத ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு வந்தால், ஃப்ளோருக்கும் வால்ட்டுக்கும் உரிய குறிகளை அன்று மதியத்துக்குள் சொல்லித்தர நான் தயார்.